வீட்டுப் பூனையும் நம் கால்நடையே

திருவண்ணாமலையை அடுத்த ஒரு கிராமத்தில் ஆடு வளர்ப்போர் கூட்டம் முடிந்து புறப்படும் நேரத்தில், விவசாயப் பெண்மணி ஒருவர் தயங்கியபடி வந்து நின்றார். "ஐயா, என் வீட்டில் இரண்டு ஆடுகளுக்குச் சினை கலைந்துவிட்டது. எல்லாம் பூனையால் வந்தது என்கிறார்கள். பூனையையும் அதன் நான்கு குட்டிகளையும் கோணியில் போட்டுக் கட்டி, கிரிவலப் பாதையில் விட்டுவிட்டு வரச் சொல்கிறார் வீட்டுக்காரர். எனக்கு மனம் வரவில்லை. என்ன செய்யட்டும்?" என்று கேட்டார்.

"ஆடுகளுக்குத் தவிடும் புண்ணாக்கும் எங்கே வைத்திருக்கிறீர்கள், அம்மா?" என்று கேட்டேன். கொட்டகை மூலையில் வாய் திறந்த மூட்டையில் இருப்பதாகவும், பூனை குட்டி போட்டது அந்த மூட்டைக்குப் பின்னால்தான் என்றும் சொன்னார். அவருக்குச் சொன்ன பதில் பலருக்கும் பயன்படும் என்பதால் அதை இங்கு விரிவாக எழுதுகிறேன்.

நெல்லும் நிலக்கடலையும் விளையும் நம் பகுதியில், மல்லாட்டை மூட்டையை அடுக்கி வைத்த வீட்டில் பூனை இல்லாமல் இருப்பது அரிது. ஆனால் பசுவுக்குத் தீவனம் எவ்வளவு, தடுப்பூசி எப்போது என்று கணக்கு வைத்திருக்கும் விவசாயி, பூனையைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அது தானாக வரும், தானாகத் தின்னும், தானாகப் போகும் என்று எண்ணுகிறோம். பூனை வளர்ப்பில் நிகழும் தவறுகள் அனைத்தும் இந்த ஓர் எண்ணத்திலிருந்தே தொடங்குகின்றன.

உழவனுக்கும் பூனைக்கும் உள்ள உறவு மிகப் பழமையானது. மனிதன் தானியத்தைச் சேமிக்கத் தொடங்கியதும் எலிகள் வந்தன. எலிகளைத் தேடி மேற்காசியாவின் காட்டுப் பூனைகள் வந்தன. சைப்பிரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு புதைகுழியில், மனித உடலுக்கு அருகிலேயே ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருந்ததைப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2004-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். அத்தீவில் பூனை இயற்கையாக இருந்ததில்லை. பயிர் செய்யப் போன மக்கள் அதைப் படகில் ஏற்றிச் சென்றிருக்க வேண்டும். ஆகவே பூனை நம் வீட்டுக்கு வந்த விருந்தாளி அல்ல. களத்து வேலையில் பங்கு பெற்ற பழைய கூட்டாளி.

பட்டினி போட்டால் எலி பிடிக்குமா?

"சோறு வைத்தால் பூனை சோம்பேறியாகிவிடும், எலி பிடிக்காது" என்பது பரவலான நம்பிக்கை. இது தவறு. பூனைக்கு வேட்டை உணர்வு வேறு, பசி வேறு. வயிறு நிறைந்த பூனையும் அசையும் எலியைக் கண்டால் பாயும். போதிய உணவு பெறும் பூனைக்கு உடலில் வலு இருக்கும். வீட்டை விட்டு அகலாது. பட்டினி கிடக்கும் பூனையோ அடுத்த வீட்டு அடுக்களைக்கும், கோழிக் குஞ்சுக்கும் போய்விடும். பிறகு அதன் மீது கல் விழும். உறவினரிடையே சண்டை வரும்.

அதே சமயம், பூனையிடம் அதிகமாக எதிர்பார்ப்பதும் தவறு. வீட்டு எலியையும் சுண்டெலியையும் அது பிடிக்கும். வளர்ந்த பெருச்சாளியோடு பெரும்பாலான பூனைகள் மோதுவதில்லை. வயல் வரப்பில் வளை தோண்டி வாழும் எலிகளைப் பூனை கொண்டு கட்டுப்படுத்த இயலாது. அதற்கு வரப்பைச் சிறிதாக அமைத்தல், களையின்றி வைத்தல், தஞ்சாவூர்க் கிட்டி வைத்தல், ஆந்தை வந்து அமரக் குச்சி நடுதல் ஆகிய முறைகளைக் கடைப்பிடிக்க வேண்டும். வீட்டிலும் தானிய மூட்டைகளைச் சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி, பலகை மீது அடுக்கினால்தான் பூனை உள்ளே புகுந்து வேலை செய்ய முடியும்.

பாலும் தயிர்ச்சோறும் போதுமா?

பூனை என்றால் பால் என்று நாம் பழகிவிட்டோம். தாய்ப்பால் மறந்த பூனைகளில் பலவற்றுக்குப் பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் ஆற்றல் குறைந்துவிடும். அவற்றுக்குப் பசும்பால் வைத்தால் வயிறு கழியும். குடிக்க வைக்க வேண்டியது சுத்தமான தண்ணீர்.

பூனை முழுமையான ஊன் உண்ணி. நாய் சோறு தின்று வாழ்ந்துவிடும், பூனையால் இயலாது. இறைச்சியிலும் மீனிலும் உள்ள டாரின் என்ற சத்து பூனைக்கு அன்றாடம் தேவை. அது தானியத்திலோ பருப்பிலோ இல்லை. இச்சத்து குறைந்தால் நாளடைவில் கண் பார்வை மங்கும்; இதயத் தசை தளரும். நாய்த் தீவனத்திலும் இது பூனைக்குப் போதுமான அளவு இருப்பதில்லை.

3 முதல் 4 கிலோ எடையுள்ள வளர்ந்த பூனைக்கு நாளொன்றுக்கு 100 முதல் 150 கிராம் வரை வேகவைத்த மீன் அல்லது கோழி இறைச்சியை, சிறிது சோற்றுடன் பிசைந்து இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுக்கலாம். மீன் தலை, கோழியின் இதயம், இரைப்பை போன்ற விலை குறைந்த பகுதிகளே போதும். வேகவைத்த நீரையும் சோற்றில் ஊற்ற வேண்டும். டாரின் சத்து அந்த நீரில் கரைந்திருக்கும். உப்பு, மிளகாய், வெங்காயம், பூண்டு சேர்க்கக் கூடாது. வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களை அழிப்பவை. பச்சை மீனைத் தொடர்ந்து கொடுத்தால் பி-1 வைட்டமின் குறைந்து நரம்புக் கோளாறு வரும். ஈரலை வாரம் ஓரிரு முறைக்கு மேல் கொடுக்க வேண்டாம். வேகவைத்த கோழி எலும்பு பிளந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும். அதை நீக்கிவிட வேண்டும்.

கோயில் நகரமான திருவண்ணாமலையில் இறைச்சி புழங்காத வீடுகள் பல உண்டு. அங்கேயும் அன்போடு பூனை வளர்க்கிறார்கள். தயிர்ச்சோறு மட்டுமே வைக்கிறார்கள். வெளியே எலி கிடைக்கும் வரை அது சமாளிக்கும். கதவடைத்து வளர்க்கும் பூனைக்கு அது போதாது. அத்தகையோர் டாரின் சேர்த்துத் தயாரித்த பூனைத் தீவனத்தை வாங்கி வைக்கலாம். அதுவும் இயலாதெனில் பூனைக்குப் பதிலாக வேறு உயிரை வளர்ப்பதே நியாயம்.

கடுவன் பூனை அடிக்கடி குந்தி முக்கியும் சிறுநீர் போகவில்லை என்றால், மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெய் புகட்டிக் கொண்டிருக்கக் கூடாது. சிறுநீர்த் தாரையில் அடைப்பாக இருக்கலாம். ஓரிரு நாள் தாமதித்தாலும் உயிர் போகும். உடனே மருத்துவரிடம் எடுத்துச் செல்ல வேண்டும்.

எலிக்கு வைத்த மருந்து

எலியைப் பிடிக்கப் பூனையை வளர்த்து, அதே வீட்டில் எலி மருந்தும் வைப்பது நாம் செய்யும் பெரிய முரண்பாடு. துத்தநாகப் பாஸ்பைடை 1 பங்குக்கு 49 பங்கு பொரியோடு கலந்து எண்ணெய் சேர்த்து வைப்பது வழக்கம். சிலர் கருவாட்டைக் கலக்கிறார்கள். எலிக்கு முன் அந்த வாசனைக்கு வருவது பூனைதான். இந்நஞ்சுக்கு மாற்று மருந்து இல்லை. புரோமாடயோலோன் வகை நஞ்சு உடனே கொல்லாது. இரத்தம் உறைவதைத் தடுத்துச் சில நாட்கள் கழித்துக் கொல்லும். அதைத் தின்று தள்ளாடும் எலியைப் பிடிப்பது பூனைக்கு எளிது. அந்த எலி வழியாக நஞ்சு பூனைக்கும் ஏறும்.

கவனிக்க வேண்டியவை:

1. பூனை உள்ள வீட்டுக்குள் நஞ்சு வைக்காமல் பொறியும் கிட்டியும் பயன்படுத்துங்கள்.

2. வயலில் நஞ்சு வைப்பதானால் வளைக்குள் ஆழமாக வைத்து வாயை அடையுங்கள். கருவாடு சேர்க்காதீர்கள்.

3. முன்கூட்டியே பக்கத்து நிலத்தாருக்கும் சொல்லி, ஒரே நாளில் வையுங்கள். அந்த நாட்களில் பூனையை வீட்டுக்குள் அடைத்து உணவு வையுங்கள்.

4. காலையில் செத்த எலிகளையும் மீந்த நஞ்சுணவையும் குச்சியால் எடுத்து, இரண்டு அடி ஆழத்தில் புதையுங்கள்.

பூனை நஞ்சு தின்றதாகத் தெரிந்தால் உப்பு நீர், மோர், பால், புளிக்கரைசல் எதையும் புகட்ட வேண்டாம். மருந்துப் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் விரையுங்கள். எந்த நஞ்சு என்று தெரிந்தால்தான் சிகிச்சை செய்ய முடியும். புரோமாடயோலோனுக்கு வைட்டமின் கே-1 மருந்து உண்டு. ஆனால் அதைப் பல வாரங்கள் தொடர வேண்டும். துத்தநாகப் பாஸ்பைடு தின்ற பூனை வாந்தி எடுத்தால் நச்சு வாயு வெளிப்படும். ஆகையால் பூனையைக் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். குனிந்து முகர வேண்டாம்.

நமக்கு மருந்து, பூனைக்கு நஞ்சு

காய்ச்சலில் கிடக்கும் பூனைக்குப் பாராசிட்டமால் மாத்திரையில் பாதியைக் கரைத்து ஊற்றுவோர் உண்டு. அம்மருந்தைப் பிரித்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. 500 மில்லி கிராம் மாத்திரை ஒன்று ஒரு பூனையைக் கொல்லப் போதும். ஆஸ்பிரின் மாத்திரையும் அப்படியே.

மாட்டு உண்ணிக்குத் தெளிக்கும் மருந்தில் மீந்ததைப் பூனையின் தெள்ளுப்பூச்சிக்குத் தடவுவதும் ஆபத்து. பெர்மெத்ரின் வகை மருந்துகளால் பூனைக்கு வலிப்பு கண்டு உயிர் போகும். மாட்டுக்கு மருந்து தெளிக்கும் நாளில், உடல் காயும் வரை பூனையைக் கொட்டகையில் விடாதீர்கள். பினாயில் கலந்த நீரில் பூனையைக் குளிப்பாட்டக் கூடாது. வேப்பெண்ணெய், கற்பூரத் தைலம் முதலியவற்றையும் பூச வேண்டாம். பூனை தன் உடலைத் தானே நக்கிச் சுத்தம் செய்யும் பிராணி. மேலே பூசியதெல்லாம் வயிற்றுக்குள் போய்விடும் என்பதை மறக்கலாகாது.

சினை ஆடும் பூனையும்

அந்தப் பெண்மணியின் கேள்விக்கு இப்போது வருவோம். பூனையால் ஆட்டுக்குச் சினை கலையுமா? கலையலாம். டாக்சோபிளாஸ்மா என்ற நுண்ணுயிர் பூனையின் குடலில் பெருகி, மலத்தோடு வெளிவருகிறது. நோய் கொண்ட எலியையோ பச்சை இறைச்சியையோ தின்பதால் பூனைக்கு இது தொற்றுகிறது. மலம் கலந்த தீவனத்தைத் தின்னும் சினை ஆட்டுக்குக் கரு கலையலாம். குட்டி இறந்து பிறக்கலாம். அல்லது நலிந்து பிறக்கலாம்.

ஆனால் சினை கலைந்ததற்கெல்லாம் பூனைதான் காரணம் என்று முடிவு கட்டக் கூடாது. புருசெல்லோசிஸ் என்ற தொற்றுநோய், தீவனப் பற்றாக்குறை, முட்டு, அடி ஆகியவற்றாலும் சினை கலையும். அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தை அணுகி, ஆட்டின் இரத்தத்தைப் பரிசோதனைக்கு அனுப்புவதே முறை. கலைந்த கருவையும் நஞ்சுக்கொடியையும் வெறும் கையால் தொடக் கூடாது. மருத்துவருக்குத் தகவல் சொல்லி, அவர் மாதிரி எடுத்தபின் ஆழமாகப் புதைக்க வேண்டும். கருவுற்ற பெண்கள் இவ்வேலையில் ஈடுபடவே கூடாது.

பூனையை விரட்டுவதால் பயன் உண்டா என்றால், பெரும்பாலும் இல்லை. பொதுவாக ஒரு பூனை முதன்முறை நோய் கண்டபோதுதான், அதுவும் ஒன்று முதல் மூன்று வாரங்கள் வரைதான், இக்கிருமியை மலத்தில் அதிகமாக வெளியேற்றும். எனவே ஆபத்து முக்கியமாக இளம் பூனைகளிடமிருந்தே வருகிறது. இருக்கும் பூனையை விரட்டினால், எலி உள்ள கொட்டகைக்கு வேறொரு இளம் பூனை வந்து சேரும், குட்டியும் போடும். கருத்தடை செய்த ஒன்றிரண்டு வயதான பூனைகள் நிலையாக இருக்கும் பண்ணையே ஆட்டுக்குப் பாதுகாப்பானது.

ஆகவே தீவனத்தை மூடியுள்ள தகர டின்னிலோ பீப்பாயிலோ வையுங்கள். தீவன அறையிலும் வைக்கோல் போரிலும் பூனை குட்டி போட இடம் தராதீர்கள். பூனைக்கென ஒரு மூலையில் மணல் நிரப்பிய தட்டை வைத்து, மலத்தை அன்றாடம் அள்ளிப் புதையுங்கள். வெளிவந்த கிருமி தொற்றும் நிலையை அடைய ஒரு நாள் முதல் ஐந்து நாட்கள் ஆகும். அன்றன்றே அள்ளினால் அதற்கு வாய்ப்பில்லை. கருவுற்ற பெண்கள் இவ்வேலையை மற்றவரிடம் விட்டுவிட வேண்டும். தோட்ட மண்ணில் வேலை செய்தபின் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

பூனைக் கடியும் தடுப்பூசியும்

"நம் வீட்டுப் பூனைதானே, சும்மா பிராண்டியது" என்று விட்டுவிடுவது உயிருக்கு ஆபத்து. வெறிநாய் கடித்த பூனைக்கும் ரேபிஸ் எனும் வெறிநோய் வரும். நோய் வெளிப்பட்ட பின் மனிதருக்கும் விலங்குக்கும் காப்பாற்றும் மருந்து இல்லை. கடித்தாலோ நகம் கீறி இரத்தம் வந்தாலோ, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள் வைக்கக் கூடாது. அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குச் சென்று, மருத்துவர் சொல்லும் நாட்களில் எல்லா ஊசிகளையும் தவறாமல் போட்டு முடிக்க வேண்டும்.

பூனைக்கு மூன்று மாத வயதில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பின்னர் ஆண்டுதோறும் தொடர வேண்டும். குட்டிகளைக் கூட்டமாக மாய்க்கும் தொற்றுக் கழிச்சல் நோய்க்கும் தனித் தடுப்பூசி உண்டு. எட்டு வார வயதிலிருந்து போடலாம். குடற்புழு நீக்க மருந்தை, மருத்துவர் சொல்லும் அளவில், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடுப்பது நலம்.

குட்டிகளைக் கொண்டுபோய் விடுவது

தவறுகளிலெல்லாம் பெரிய தவறு இதுவே. "கோயில் பக்கம் விட்டால் யாராவது சோறு போடுவார்கள், அண்ணாமலையார் பார்த்துக்கொள்வார்" என்று மனத்தைச் சமாதானப்படுத்திக்கொள்கிறோம். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் பௌர்ணமிதோறும் பெருங்கூட்டம் நடக்கிறது. மற்ற நாளிலும் வண்டிகள் ஓடுகின்றன. தெரு நாய்களும் உண்டு. தாய் இல்லாத, கண் அப்போதுதான் திறந்த குட்டி அங்கே ஓரிரு நாளைத் தாண்டுவது கடினம். வளர்ந்த பூனையும் தன் இடம் விட்டுப் பெயர்ந்தால் திசை தெரியாமல் தவிக்கும். பட்டினியாலோ தாகத்தாலோ வருந்தும்படி ஒரு பிராணியைத் தக்க காரணமின்றிக் கைவிடுவது, 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம் 11-ஆம் பிரிவின்படி குற்றமும் ஆகும்.

குட்டிகள் பிறந்த பின் வழி தேடுவதைவிடப் பிறக்காமல் தடுப்பதே அறிவுடைமை. பெட்டைப் பூனை ஐந்து, ஆறு மாத வயதிலேயே, சில அதற்கு முன்பே, பருவத்துக்கு வரும். சினைக்காலம் சுமார் 63 முதல் 65 நாட்கள். ஓர் ஈற்றுக்கு 3 முதல் 5 குட்டிகள் ஈனும். குட்டி பால் குடிக்கும்போதே மறுபடி சினையாகும். ஆண்டுக்கு இரண்டு ஈற்று, ஈற்றுக்கு நான்கு குட்டி என்று வைத்தாலும் எட்டுக் குட்டிகள். அவற்றில் பாதி பெட்டை என்றால், அடுத்த ஆண்டு வீடு தாங்காது, ஊரும் தாங்காது.

இதற்கு ஒரே தீர்வு கருத்தடை அறுவை. ஐந்து, ஆறு மாத வயதில் பெட்டைக்கும் கடுவனுக்கும் செய்யலாம். "ஓர் ஈற்றாவது ஈன்றால்தான் உடம்புக்கு நல்லது" என்பதற்கு ஆதாரம் இல்லை. மாறாக, முதல் பருவத்துக்கு முன்பே செய்தால் மடிக்கட்டி வரும் வாய்ப்பு பெரிதும் குறையும். அறுவைக்குப் பின் எலி பிடிக்காது என்பதும் தவறு. கடுவன் பூனை ஊர் சுற்றுவதும், சண்டையிட்டுப் புண்ணோடு வருவதும், சுவரில் சிறுநீர் பீய்ச்சுவதும் குறையும். அறுவை முடிந்து சுமார் பத்து நாட்கள், தையல் ஆறும் வரை வீட்டுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். முன்பே பிறந்துவிட்ட குட்டிகளை எட்டு வாரம் தாயோடு விட்டு, பிறகு விரும்பிக் கேட்போரிடம் கொடுங்கள். நான்கு வாரத்தில் பிரித்துக் கொடுத்த குட்டி நோஞ்சானாகும், கடிக்கும், எலி பிடிக்கும் பாடத்தையும் தாயிடம் கற்றிருக்காது.

இந்த ஊரில் வாழ்வோருக்கு ஓர் எடுத்துக்காட்டைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. ரமணாசிரமத்தில் பசு லட்சுமி, மான் வள்ளி, நாய் ஜாக்கி, ஒரு காகம் ஆகியவற்றின் சமாதிகளை இன்றும் காணலாம். லட்சுமி 1948-ஆம் ஆண்டு ஜூன் 18-ஆம் நாள் உயிர் நீத்தது. ரமண மகரிஷி விலங்குகளை "அது" என்று சுட்டாமல், "அவன்", "அவள்" என்றே பேசுவார். பூனைக்கு நாம் சமாதி கட்ட வேண்டியதில்லை. வேலை வாங்கிய உயிரைக் கோணியில் கட்டித் தெருவில் விடாமலிருந்தால் போதும்.

அந்தப் பெண்மணி ஆடுகளின் இரத்தப் பரிசோதனைக்குக் கால்நடை மருத்துவரிடம் போக ஒப்புக்கொண்டார். தவிட்டு மூட்டைக்கு மூடி போட்ட பீப்பாய் வாங்குவதாகவும், குட்டிகள் பால் மறந்ததும் தாய்ப் பூனைக்கு அறுவை செய்துவிடுவதாகவும் சொன்னார். "வீட்டுக்காரரிடம் நீங்களே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் ஐயா" என்றார். அவரிடமும் சொன்னேன். இக்கட்டுரையைப் படிக்கும் மற்ற வீட்டுக்காரர்களுக்கும் அதையே சொல்கிறேன்: நீங்கள் பசுவுக்காகக் கால்நடை மருந்தகத்துக்குப் போகும் அடுத்த முறை, பூனைக்கு எங்கே, எந்த நாளில் கருத்தடை செய்கிறார்கள் என்பதையும் கேட்டு வாருங்கள்.